மனநோயும் கழுத்துச் சுரப்பியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனநோய் ஒரு வீட்டிற் புகுந்தால் நாம் முதலிற் செய்வது கதவைச் சாத்துவதே. தங்கையின் கலியாணம் குழம்பும், ஊர் சிரிக்கும் என்று அஞ்சுகின்றோம். செய்வினை என்கின்றோம். இவ்வச்சத்தைப் போக்க இன்று ஒரு நோயைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அதன் பெயர் இருதுருவ உளநோய். சில காலம் உறக்கமின்றிக் கைப்பொருளை வாரியிறைத்து எல்லையற்ற களிப்பில் திரிபவர், பின்னர் எழும்பவும் மனமின்றிச் சோர்ந்து கிடப்பார். ஓராண்டில் நான்கு தடவையோ அதற்கு மேலோ இவ்வாறு அலைக்கழிவோரும் உளர். 1949இல் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் இலிதியத்தின் பயனை வெளியிட்டார். அதனாற் பலர் நலமடைந்தனர். ஆயினும், எம்மருந்துக்கும் அடங்காத நோயாளரும் இருக்கின்றனர்.

இவர்களுக்கு உதவக்கூடுமென வைத்தியர்கள் கருதியவற்றுள் ஒன்று, தொண்டையின் முன்புறத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோன். உடலின் இயக்க வேகத்தை நடத்துவது அதுவே. அது குறைந்தால் மனமும் மங்கும். சித்தம் கலங்கியவரெனக் கருதப்பட்ட சிலருக்கு இக்குறையே காரணமென்பதை 1949இல் இலண்டன் வைத்தியர் றிச்சாட் ஆஷர் எடுத்துக்காட்டினார். ஓமோன் கொடுத்ததும் அவர்களிற் பலர் தெளிந்தனர்.

1990இல் பவர், வைபுறோ என்னும் இரு வைத்தியர்கள், அடிக்கடி அலைக்கழிந்து மருந்துக்கு அடங்காத 11 பேருக்கு, முன்னைய மருந்தோடு தைரொக்சினையும் மிகுந்த அளவிற் சேர்த்துக் கொடுத்தனர். 10 பேருக்குச் சோர்வு தணிந்தது. ஆனால், 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில் 62 பேரிற் சிலருக்கு நாளொன்றுக்கு 300 மைக்கிரோகிராமும் ஏனையோருக்கு வெற்றுக் குளிசையும் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் வேறுபாடு உறுதிப்படவில்லை. பெண்களிடத்து மட்டும் நன்மை தெளிவாகத் தெரிந்தது. ஆகவே இது முடிந்த முடிபன்று. ஏனைய வழிகள் பயன்படாதபோது நாடும் துணைமருந்து.

எச்சரிக்கையும் வேண்டும். அளவு மிகுந்தால் இருதயத் துடிப்பு ஒழுங்கு கெடலாம், எலும்பு நலியலாம். ஆதலால் மனநோய் வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே இதனை உட்கொள்ளல் வேண்டும். இலிதியமும் இச்சுரப்பியைத் தளரச் செய்யக்கூடும். அதனை உண்போர் காலந்தோறும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளல் அவசியம். சுகம் கண்டதும் மருந்தைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு.

அன்பர்களே! கழுத்திலுள்ள சிறு சுரப்பியொன்று குன்றினால் அறிவுடையவரும் கலங்குவரென்றால், மனநோயில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நீரிழிவுக்கு மருந்துண்பவரை நாம் இகழ்வதில்லையே! உடம்பைப் பேணுதலைச் சமயத்தோடு சேர்த்துக் கற்பித்தவர் திருமூலர். கோயிலுக்கு நேர்த்தி வைப்போம். அதே வேளை நோயாளரை வைத்தியரிடமும் அழைத்துச் செல்வோம். திருநீறு பூசும் கையே குளிசையையும் கொடுக்கட்டும். பெரியோர்கள் கதவைத் திறக்க வேண்டும். இளைஞர்கள் துணையாக உடன் செல்ல வேண்டும். இதுவும் நம் சங்கத்தின் தொண்டேயாகும்.