சொல்லத் தயங்கும் பிள்ளை



கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சென்றால், நெல்வயல்கள் சூழ்ந்த சவளக்கடையை அடையலாம். அவ்வூரிலே பதினாறு வயது மாணவன் ஒருவன் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். மூன்று மாதங்களாக அவனுக்கு உறக்கமில்லை; உணவில் விருப்பமில்லை. விளையாட்டை மறந்தான். புத்தகத்தை விரித்தால் ஓரெழுத்தும் மனத்திற் பதிவதில்லை.

"கண்ணூறு பட்டிருக்கும்" என்று உம்மா தண்ணீர் ஓதுவித்துக் கொடுத்தார். வாப்பா அச்சிரம் கட்டுவித்தார். பரிசாரியாரிடம் கசாயமும் வாங்கி வந்தார். யாவும் அன்பினாற் செய்தவையே. எனினும் நோய் தீரவில்லை. "வாப்பா, எனக்கு வேறு வைத்தியம் வேண்டும்" என்று சொல்ல அவன் நா எழவில்லை. பெற்றாரின் அன்பைப் பழித்ததாகுமோ? ஈமான் குறைந்தவன் என்பார்களோ? ஊரார் பைத்தியம் என்று சொல்ல, ராத்தாவின் கலியாணப் பேச்சுக் குழம்புமோ? இந்த அச்சங்களே அவன் வாயைக் கட்டிவிட்டன.

இஃது ஒருவனுடைய துன்பமன்று. 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் மனநோயொன்றினால் வருந்துவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

934ஆம் ஆண்டில் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒருங்கே ஆராய்ந்து ஒரு நூல் இயற்றினார். துக்கம் இருவகைப்படும் என்பது அவர் கருத்து. ஒன்று, காரணம் தெரிந்த துக்கம். மற்றொன்று, காரணம் தெரியாத துக்கம். பின்னையது உடலிலிருந்து எழுவது. ஆதலால் உடலுக்கும் மருந்து வேண்டும் என்றார். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்து உறவுகளைக் கொண்டுசென்ற இக்கரையோரத்தாருக்கு முதலாவது துக்கம் நன்கு தெரியும். இரண்டாவதே நமக்கு விளங்குவதில்லை. "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்கிறோம். குறை ஏதும் இல்லாத வீட்டிலும் இந்நோய் வரும்.

தம்பிமாரே, தங்கைமாரே! தனித்திருக்கும் வேளை பார்த்து, மூன்று செய்திகளை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, எதைச் செய்ய முடியவில்லை, ஒரு முறை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாய் வராவிட்டால் கடிதமாக எழுதிக் கொடுங்கள். மாமியிடமோ ஆசிரியரிடமோ சொல்லி அவர்களைப் பேசச் செய்யுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திராதீர்கள், அப்போதே சொல்லிவிடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் இதற்காகவே உள்ளது.

பெற்றோரே! அரசாங்க வைத்தியசாலையிலே இதற்குக் கட்டணமில்லை. மருந்து கொடுக்கப்பட்டால் குணம் தெரியச் சில வாரங்கள் செல்லும், இடையில் நிறுத்திவிடலாகாது. துஆவைக் கைவிடும்படி எவரும் கேட்கவில்லை. நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. வேறு வைத்தியம் கேட்கும் பிள்ளை உங்கள் அன்பை மறுக்கவில்லை. அந்த அன்பை நம்பியே வாய் திறக்கிறான். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருங்கள். வைத்தியத்தின் முதற்படி அதுவே.