கார்த்திகை மழையும் நம்ம வயலும்

(காவிரி டெல்டா விவசாயிகளுக்காக நிகழ்த்தப்பட்ட வானொலி உரை)



கார்த்திகை பிறந்துவிட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பா தூர் கட்டி நிற்கிறது. தாளடி நட்ட வயல்களில் பயிர் இன்னும் முழங்கால் உயரம்கூட வரவில்லை. இந்தச் சமயத்தில் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "வர்ற வாரம் மழை எப்படிங்க?"

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அந்த மழை தினமும் அளவாகப் பெய்வதில்லை. நாலு நாள் கொட்டும், பிறகு ஒரு வாரம் வெயில் காயும். ஆகவே வாரத்துக்கு வாரம் வானிலை அறிக்கையைக் கேட்டு வேலையைத் திட்டமிடுவதே நல்லது.

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பல வருஷம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், தானே புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30-ஆம் தேதி, மார்கழி மாதத்தில். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்துவிட்டது. அதனால் பழமொழியை நம்பி வடிகாலைத் தூர்ந்துபோக விட்டுவிடக் கூடாது.

அறிக்கையில் வரும் சொற்களைக் கொஞ்சம் பார்ப்போம். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று படிப்படியாகச் சொல்கிறார்கள் அல்லவா? இந்தப் பெயர்கள் காற்றின் வேகத்தை வைத்துச் சொல்வது. காற்று மணிக்கு 62 கிலோ மீட்டரைத் தொட்டால் அது புயல். மழையின் அளவை இந்தப் பெயர் சொல்லாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காற்றாலேயே லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து, ராமநாதபுரம் கடலோரமாக நகராமல் நின்றது. காற்று அடங்கிவிட்டது, மழையோ டெல்டாவில் விடாமல் பெய்து வயல்களை மூழ்கடித்தது. எனவே "புயல் இல்லையாம், வெறும் தாழ்வு மண்டலந்தானாம்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மெதுவாக நகரும் மண்டலம்தான் மழையைக் கொட்டும்.

அடுத்தது, எத்தனை இடங்களில் என்பது. "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி உள்ள ஊர்களில் கால் பங்குக்கு மேல் போகாது. "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கு மேல். நம்ம ஊரும் அதில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கனமழை என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை. மிகக் கனமழை 12 முதல் 20 வரை. அதற்கு மேல் போனால் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கைக்குக் கவனமாயிரு என்றும், ஆரஞ்சுக்குத் தயாராயிரு என்றும், சிவப்புக்கு உடனே செயல்படு என்றும் அர்த்தம்.

இந்தச் சென்டிமீட்டரை உங்கள் வரப்போடு வைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர். 10 சென்டிமீட்டர் என்றால் 4 லட்சம் லிட்டர்! வரப்பு ஒரு சாண் உயரம், வயலில் ஏற்கெனவே நாலு விரல் தண்ணீர் நிற்கிறது என்றால், மிகக் கனமழை பெய்யும் நாளில் மிச்சமிருக்கும் இடம் போதாது. மேட்டு வயல் தண்ணீரும் இறங்கி வந்து சேரும். தாளடி நுனி தெரியாமல் மூழ்குவது இப்படித்தான்.

ஆகவே மிகக் கனமழை என்று அறிவிப்பு வந்தால், மழைக்கு முந்தின நாளே வடிமடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். "ஆத்துத் தண்ணியை வடிச்சுட்டு, மழை பெய்யலேன்னா என்ன பண்றது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்ம களிமண் பூமி சேறாக இருக்கும்வரை பயிருக்கு நாலைந்து நாள் கேடில்லை. மூழ்கிய பயிருக்கு அந்தத் தவணை கிடையாது. சாதாரண ரகங்கள் ஒரு வாரம் முழுக்க மூழ்கிக் கிடந்தால் அழுகத் தொடங்கும். சி.ஆர். 1009 சப் 1, சுவர்ணா சப் 1 போன்ற ரகங்கள் இளம் பருவத்தில் இரண்டு வாரம் வரை தாங்கும். அவற்றுக்கும் பூக்கும் பருவத்தில் அந்தப் பலம் இல்லை.

வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் மடையைத் திறந்தும் பயனில்லை. கரைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் இறங்கினால் வேலை முடிந்துவிடும். நம்ம தண்ணீர் போனால் சரி என்று கீழ் வயல்காரர் வரப்பை வெட்டி விடாதீர்கள். பிறகு மழையைவிடச் சண்டைதான் பெரிதாகும்.

மழை அறிவிப்பு உள்ள நாட்களில் மேலுரம் போடாதீர்கள், மருந்து தெளிக்காதீர்கள். போட்ட யூரியா வடிகாலோடு போய்விடும். வாழைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுங்கள். பலத்த காற்று என்று சொன்னால் தென்னையில் முற்றிய குலைகளையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். மின்னல் அடிக்கும்போது மரத்தடியில் நிற்க வேண்டாம். ஈரக் கையோடு பம்புசெட் சுவிட்சைத் தொட வேண்டாம்.

மழை விட்டதும் அவசரப்பட்டு மூட்டையைப் பிரிக்காதீர்கள். முதலில் தண்ணீரை வடியுங்கள். வேருக்குக் காற்றுப் பட்டு, புதுக் குருத்து தெரியட்டும். பிறகு, தூர் கட்டும் பருவத்திலுள்ள பயிருக்கு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடலாம். பயிர் வெளுத்துத் தெரிந்தால் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டும் 2 கிலோ யூரியாவும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, இலை நனையத் தெளியுங்கள். இலை ஓரம் வைக்கோல் நிறமாகக் காய்ந்து வந்தால் அது பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம். அந்த வயலுக்கு யூரியாவை நிறுத்திவிட்டு, உதவி வேளாண்மை அலுவலரிடம் ஒரு தூரைக் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவை, மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வையுங்கள். தினம் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலை உள்ளே விட்டு அளந்து எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வானிலை நிலையங்களும் அதே நேரத்தில்தான் அளக்கின்றன. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையில் அடுத்த ஐந்து நாளுக்கான கணிப்பு இருக்கும். அந்தக் கணிப்பையும் உங்கள் டப்பாக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். ஒரே பருவத்தில், எத்தனை சென்டிமீட்டருக்கு உங்கள் வயல் தாங்கும், எப்போது மடையைத் திறக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மழையை நிறுத்த நம்மால் முடியாது. மடையைத் திறக்க முடியும். இன்று சாயங்காலம் வயல் பக்கம் போகும்போது மண்வெட்டியையும் எடுத்துப் போங்கள்.