மணி ஐயர் எழுதிய கடிதம்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்கா பிறநாடுகளோடு நடந்துகொண்ட முறையைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். மதுரங்குளிக்கும் வாஷிங்டனுக்கும் என்ன தொடர்பு என்றுதான் முதலில் நாமும் எண்ணினோம். தேங்காய் விலையைத் தவிர வேறு உலக விவகாரம் இவ்வூருக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் வேடிக்கையாகவும் கேட்டார். ஆயினும் 1842 இல் மதுரையிலே பிறந்த தமிழர் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதி, அதன் பொருட்டுத் தம் பட்டங்களையே துறந்த வரலாறு எமக்கு நினைவு வந்தது. அதையே சொல்லப்போகிறோம்.

அவர் சேர். எஸ். சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்பர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கி, 1907 இல் இளைப்பாறியவர். பின்னர் அன்னி பெசண்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கத்துக்குக் கௌரவத் தலைவரானார்.

1917 ஏப்ரல் 2 ஆந் திகதி ஜனாதிபதி வில்சன், உலகில் ஜனநாயகம் பாதுகாப்பாக வாழவேண்டும் என்று கூறி, ஜெர்மனிமீது யுத்தம் தொடுக்கத் தம் காங்கிரசிடம் அனுமதி கேட்டார். அதே நாளிலேதான் கொழும்பிலே சேர். பொன்னம்பலம் அருணாசலம் 'நமது அரசியல் தேவைகள்' என்னும் பேருரையை நிகழ்த்தினார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்து பேசியதன்று. காலம் அப்படி இருந்தது.

ஜூன் மாதத்தில் சென்னை அரசாங்கம் பெசண்ட் அம்மையாரை உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. எழுபத்து நான்கு வயதுக் கிழவராகிய மணி ஐயர் பொறுக்கவில்லை. ஜூன் 24 ஆந் திகதி வில்சனுக்கு எழுதினார். இந்தியாவுக்குச் சுயாட்சி தருவதாக உடனே வாக்களித்தால், மூன்று மாதத்தில் ஐம்பது இலட்சம் வீரர், அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் ஐம்பது இலட்சம் வீரர் போர்முனைக்கு வருவர் என்பது அதன் சாரம். தபாலில் இட்டால் தணிக்கையாளர் கையிற் சிக்கும். ஆகவே பிரமஞான சபையைச் சேர்ந்த ஹொட்சனர் என்னும் அமெரிக்கத் தம்பதிகள் அதைக் கையோடு கொண்டு சென்றனர்.

கடிதம் ஜனாதிபதிக்குப் போய்ச் சேர்ந்தது. பின்பு நடந்தது என்ன? பிரித்தானியா அமெரிக்காவின் நேசநாடு. செய்தி பிரித்தானிய அரசாங்கத்தின் காதுக்கும் எட்டிவிட்டது.

இதில் வியப்பதற்கு அதிகமில்லை. ஸ்பெயினை வென்று 1898 இல் பெற்ற பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா அப்போது ஆண்டுகொண்டிருந்தது. 1916 இல் ஒருநாள் சுதந்திரம் தருவோம் என்று சட்டத்தில் எழுதியும், அது கிடைத்தது 1946 இலேதான். ஹயிட்டியில் 1915 முதல் அமெரிக்கப் படை நின்றது. இந்தியர் முதலான ஆசியர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் அதே 1917 பெப்ரவரியில் நிறைவேறியது. வில்சன் அதை மறுத்தார் என்பது மெய். ஆனால் அதிலிருந்த எழுத்தறிவுச் சோதனை பிடிக்காமலே மறுத்தார், நம்மவருக்காகவன்று.

அப்படியாயின் மணி ஐயர் ஏமாளியா? நாம் அவ்வாறு கருதவில்லை. வில்சனுடைய சொல்லை அவர் வில்சனிடமே திருப்பி நீட்டினார். சட்டம் படித்தவர்க்கு அது கைவந்த வித்தை. அம்மையார் செப்டெம்பரில் விடுதலையானார். கடிதத்தாலேதான் விடுதலை என்று சொல்ல நாம் துணியோம்.

அவ்வாண்டு இறுதியில் இந்திய மந்திரி மொண்டேகுவும் இராசப் பிரதிநிதி செம்ஸ்போர்டும் சென்னைக்கு வந்தபோது, காண வந்த முதியவரை இக்கடிதத்துக்காகக் கடிந்துகொண்டனர். 1918 ஜூனில் மொண்டேகு பாராளுமன்றத்திலே அதை இழிவான செயல் என்றார். தம்மை அழைத்து விசாரியாமல், பதில் சொல்ல முடியாத இடத்தில் நின்று பழித்தது ஐயரைச் சுட்டது. 'சேர்' பட்டத்தையும் 'திவான் பகதூர்' பட்டத்தையும் துறப்பதாக எழுதியனுப்பினார். அந்நாளில் பட்டத்துக்காக மனுப்போட்டுக் காத்திருந்தோர் எத்தனை பேர் என்பதைப் பெரியோர்கள் கேட்டறிந்திருப்பார்கள்.

1919 இல் பாரிஸ் சமாதான மகாநாட்டுக்குத் திலகரும் முறையிட்டுப் பார்த்தார்; பயனில்லை. வில்சன் அங்கே பாடுபட்டு உண்டாக்கிய சர்வதேச சங்கத்திலோ அவருடைய சொந்த நாடே சேரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அருணாசலம் கொழும்பில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மணி ஐயர் 1924 டிசம்பரிலே காலமானார். துறந்த பட்டங்களை அவர் மீண்டும் சூடவேயில்லை.