வீட்டில் நோயாளி, மேசையில் புத்தகம்

(ஆண்டுவிழா வாரத்தின் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படிப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நல்ல புள்ளி எடுப்பது எப்படி என்று சொல்ல லண்டனில் டியூஷன் வகுப்புகள் தாராளமாக இருக்கின்றன. நான் பேச வந்தது வேறு. படிக்க மனமும் திறமையும் இருந்தும், வீட்டில் ஒரு நோயாளியைப் பார்ப்பதால் பின்தங்கிப்போகும் பிள்ளைகளைப் பற்றி.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் சொல்லமாட்டேன், அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். அப்பாவுக்கு இரவு வேலை. தம்பி சின்னவன். காலையில் அம்மாவின் மருந்தை எடுத்துவைத்து, உப்புக் குறைத்துச் சமைத்து, தம்பியைப் பாடசாலையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினால் ஒன்பது மணி விரிவுரை பாதி முடிந்திருக்கும். இரண்டாம் வருடத்தில் இரண்டு பாடம் தவறிவிட்டது. அவள் அக்கறையில்லாத மாணவி என்றுதான் அங்கே எண்ணியிருந்தார்கள். அவள் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக்கூடாது என்று நாம்தான் வளர்த்திருக்கிறோம். இன்னொரு பயமும் உண்டு. சொன்னால் கவுன்சில்காரர் வந்து தம்பியைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம். இந்தப் பயம் நம் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்று இங்கே பல தாய்மாருக்குத் தெரியும்.

ஆனால் சட்டம் சொல்வது இது. 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டப்படி, இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளை வீட்டில் ஒருவரைப் பராமரித்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று கவுன்சில் பார்த்தாக வேண்டும். 18 தாண்டியவர்களுக்கு அதே ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. இது குற்றம் பிடிக்கும் விசாரணை அல்ல. ஒரு பிள்ளையின் தலையில் இருக்கும் வேலையில் எதை வேறொருவர் செய்யலாம் என்று பார்ப்பதற்கான வழி.

இந்த உரிமையெல்லாம் தானாக வரவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சபைப் போதகர் இருக்கிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மேரி வெப்ஸ்டர் என்பது அவர் பெயர். காங்கிரிகேஷனல் சபையின் ஊழியர். 1954இல், 31 வயதில், வயதான பெற்றோரைப் பார்ப்பதற்காக ஊழியத்தை விட்டு வீட்டோடு இருந்துவிட்டார். ஒன்பது வருடம் கழித்து, 1963இல், தன் நிலையைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அதே நிலையில் இருந்த பெண்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொருத்தியும் தான் மட்டுமே இப்படி என்று எண்ணியிருந்தாள். 1965இல் அவர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. இன்று கெயரர்ஸ் யூகே என்று நாம் அறியும் அமைப்பின் வேர் அதுதான். 1969இல் அவர் இறந்துபோனார். பராமரிப்பவருக்கான அரச கொடுப்பனவு 1976இல்தான் வந்தது. அதுவும் திருமணமான பெண்களுக்கு 1986 வரை இல்லை. மனைவி செய்தால் அது கணக்கில் சேராதாம்!

அந்தக் கொடுப்பனவில் இன்றும் ஒரு சிக்கல் உண்டு. கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பராமரிக்க வேண்டும். ஆனால் 21 மணித்தியாலமோ அதற்கு மேலோ படித்தால் கிடைக்காது. அதாவது நான் சொன்ன பிள்ளையைப் போன்ற முழுநேர மாணவிக்குப் பொதுவாக இது இல்லை. இது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. படிப்பை விட்டால் காசு, படித்தால் இல்லை என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இனி மாணவர்களே, உங்களுக்கு. பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்த பிறகு அழுதுகொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் விசேட சூழ்நிலைக்கான விண்ணப்பம் இருக்கிறது. நோய் உங்களுக்கே இருக்க வேண்டுமென்றில்லை. வீட்டாரின் நோயையும் எழுதலாம். ஆனால் அதற்குக் கடைசித் தேதி உண்டு, ஆஸ்பத்திரிக் கடிதம் போன்ற ஆதாரமும் கேட்பார்கள். ஜீ.பி.யிடம் உங்கள் பெயரைப் பராமரிப்பவர் என்று பதியச் சொல்லுங்கள். யூகாஸ் விண்ணப்பத்தில் 2023 சேர்க்கை முதல் இதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. மறைக்காமல் நிரப்புங்கள். ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைக்க நினைப்பவர்கள் முதலில் கடன் பணத்தைப் பற்றியும், விசாவில் வந்தவர்கள் விசாவைப் பற்றியும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நான் சொன்ன பிள்ளை கடைசியில் ஒரு ஆசிரியையிடம் வாயைத் திறந்தாள். கடிதம் கொடுத்தாள். அந்த இரண்டு பாடத்தையும் முதல் தடவை எழுதுவதாகவே எழுதவிட்டார்கள். இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். அம்மாவுக்கு இன்னும் டயாலிசிஸ்தான், அது மாறவில்லை.

சின்னப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. அம்மம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்கிறவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா, எத்தனை கை! அது நல்ல உதவிதான். ஆனால் பெற்றோரே, ஒரு பெரிய நோயின் பெயரைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயால் அம்மம்மாவுக்குச் சொல்லவைக்கலாமா? நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அதற்குக் காசில்லை.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக ஜனங்களின் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்க்கிறார். மருமகன் எவ்வளவு பாடுபடுகிறார் என்று அவர் மெச்சவில்லை. இப்படியே போனால் ஆள் ஓய்ந்துவிடும் என்று எச்சரித்து, வேலையைப் பங்குபோடச் சொன்னார். நாம் செய்வது மறுபக்கம். அம்மாவைத் தாங்கிக்கொண்டு ஆராதனைக்கு வரும் பிள்ளையைப் பார்த்து, "என்ன தங்கமான பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறோம். அந்தக் காரில் எத்தனை இருக்கை காலியாக இருந்தது?

ஆகையால் இன்று ஒரு வேலை தருகிறேன். தேத்தண்ணீர் மேசையில் நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று இருக்கிறது. கிழமையில் ஒரு நாள் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோகக் கூடியவர்கள், உப்பில்லாமல் ஒரு நேரச் சாப்பாடு சமைக்கக் கூடியவர்கள், பரீட்சைக் காலத்தில் இரண்டு மணித்தியாலம் ஒரு நோயாளியோடு இருக்கக் கூடியவர்கள், பெயரும் நாளும் நேரமும் எழுதுங்கள். உதவி தேவைப்படுகிறவர்கள் கொப்பியில் எழுத வேண்டாம். போதகர் அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். வடை முடிவதற்குள் முதல் பக்கம் நிரம்பவேண்டும். பேனாவும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.