கன்றிய தோலும் கைவிட்ட சொல்லும்



மொழிக்கென அமைந்த இந்த உரைவரிசையில் புண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சிலர் இருக்கக்கூடும். தமிழ் இலக்கியம் அப்படிச் சுளித்ததில்லை. மார்பில் பட்டதை விழுப்புண் என்றும் முதுகில் பட்டதைப் புறப்புண் என்றும் பிரித்துப் பெயரிட்ட மொழி இது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், வீரர்களின் காயத்தைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைக் குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகிறார் பரணர். காயத்தைத் தைப்பதை அருகிலிருந்து பார்த்த ஒருவரால்தான் அப்படிப் பாட முடியும் என்று எனக்குத் தோன்றும்.

நான் பேசவிருப்பது போர்க்களத்துப் புண்ணைப் பற்றி அன்று. தாதிமை இல்லங்களிலும் வீடுகளிலும் படுத்த படுக்கையாகவோ சக்கர நாற்காலியிலோ நாளைக் கழிக்கும் முதியோரின் புண்ணைப் பற்றி. அவர்களைக் குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் உடை மாற்றுவதும் பராமரிப்பு உதவியாளர்களின் வேலை. அவர்களுக்குப் புண் பராமரிப்பின் அடிப்படைகளைக் கற்பிப்பது என் வேலை. எந்த மருந்தைத் தடவுவது, எவ்வகைக் கட்டுப் போடுவது என்பதை மருத்துவரும் தாதியும் முடிவுசெய்வர். ஆனால் ஒரு முதியவரின் உடல் முழுவதையும் நாள்தோறும் கண்ணால் பார்ப்பவர் உதவியாளர் மட்டுமே. ஆகவே, கை கழுவுவதையும் கையுறை மாற்றுவதையும் அடுத்து நாங்கள் கற்பிக்கும் முதன்மையான திறன், பார்த்ததைச் சொல்வது. இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நெடுநேரம் ஒரே நிலையில் படுத்திருப்பவருக்கு எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது குதிகாலிலும் இடுப்பெலும்பின் பக்கத்திலும் முதுகின் அடிப்பகுதியிலும், இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. அதன் முதல் அடையாளம் சிவத்தல் என்று பாடநூல்கள் கூறும். விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் வெளிறி, விட்டதும் மீண்டும் சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் வெளிறாவிட்டால் அதுவே முதல் நிலைக் காயம். தோல் கிழிந்திருக்காது, நீர் கசியாது. அந்த நேரத்தில் கண்டுபிடித்து, அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலும் தோல் பழைய நிலைக்குத் திரும்பும். கவனிக்காமல் விட்டால் தோல் உரியும். பின் கொழுப்புத் தெரியும். நான்காம் நிலையில் தசையும் எலும்பும் வெளிப்படும். முதல் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் இடையே சில நாள்களே இருக்கலாம்.

இப்போது நம் பாட்டிமார்களின் தோலை எண்ணிப் பாருங்கள். கருந்தோலில் சிவப்பு தெரியுமா? வெளிறுவதுதான் தெரியுமா? பெரும்பாலும் இரண்டும் தெரியா. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட அடையாளத்தைக் கருந்தோலில் தேடும் உதவியாளர், தேடியது கிடைக்காததால் 'ஒன்றுமில்லை' என்று பதிவுசெய்துவிட்டு நகர்வார். கருந்தோலில் அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, ஊதா நிறம் பூண்டோ காணப்படும். தொட்டால் வெப்பமாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் புலப்படும்.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. கன்றுதல். வெயிலில் முகம் கன்றியது என்கிறோம். அடிபட்ட இடம் கன்றிப்போயிற்று என்கிறோம். சிவப்பு என்னும் ஒற்றை நிறத்தோடு அது கட்டுண்டு கிடக்கவில்லை. தோல் கிழியாமல், உள்ளே ஊறுபட்டு, தன் நிறத்திலிருந்து மாறி நிற்கும் நிலையை அது குறிக்கிறது. 'எங்கே சிவந்திருக்கிறது?' என்று கேட்டபோது விழித்த பயிற்சியாளர்கள், 'எங்கே கன்றியிருக்கிறது?' என்று கேட்டதும் படத்தில் சரியான இடத்தைத் தொட்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சொல் மாறியதும் கண் வேறு விதமாகத் தேடுகிறது.

பெயரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இந்தக் காயத்தைப் படுக்கைப்புண் என்றே அழைத்து வருகிறோம். படுக்கையில் மட்டுமன்று, நாற்காலியிலும் அது வரும். மூக்கில் மாட்டிய உயிர்வாயுக் குழாய் காதின் பின்புறத்தை அழுத்துவதாலும் வரும். மேலும், புண் என்றதும் திறந்த காயத்தையே மனம் எண்ணுகிறது. இதே சிக்கல் ஆங்கிலத்திலும் இருந்தது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய ஆலோசனைக் குழு ஒன்று, தோல் கிழியாத நிலையையும் உள்ளடக்குவதற்காகப் 'புண்' எனப் பொருள்படும் சொல்லை விலக்கிக் 'காயம்' எனப் பொருள்படும் சொல்லை ஏற்றது. பிறகு தன் பெயரையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. தமிழில் 'அழுத்தக் காயம்' என்று வழங்கலாம் என்பது என் கருத்து. படுக்கைப்புண் என்பது மக்கள் நாவில் ஊறிய சொல். அதை யாரும் அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டியதில்லை. பயிற்சி வகுப்பிலாவது புதிய பெயரைப் பழக்குவோம்.

அடுத்து ஒரு வினைச்சொல். புண் 'ஆறிவிட்டதா' என்றும் கேட்கிறோம். 'காய்ந்துவிட்டதா' என்றும் கேட்கிறோம். இரண்டும் ஒன்றென எண்ணுவதால், காற்றாட விட்டுக் காயவைத்தால் புண் விரைவில் குணமாகும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களில், சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடினார். சிலவற்றைக் காற்றில் விட்டார். மூடப்பட்ட காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்குக் கட்டிய காயத்தில் புதிய தோல், காய்ந்த அடுக்கின் கீழே வழி தேடிச் செல்ல வேண்டியிருந்தது. இன்றைய கட்டுகள் பல, அளவான ஈரத்தைக் காப்பதற்காகவே உருவாக்கப்பட்டவை. 'ஈரமாக இருக்கிறதே' என்று பரிவோடு கட்டைப் பிரித்துவைக்கும் உறவினரிடம் உதவியாளர் என்ன சொல்வார்? 'ஆறுவதற்குக் காய வேண்டியதில்லை, பாட்டி' என்று சொல்லத் தெரிந்தால் போதும். மஞ்சள்தூளையும் காப்பித்தூளையும் பற்பசையையும் பற்றி இங்கே நீட்டிப் பேசப்போவதில்லை. அவை எதுவும் புண்ணில் படக்கூடாது.

நிறம் பற்றிய இன்னொரு குழப்பம், மஞ்சளாகத் தெரிவதையெல்லாம் சீழ் என்று எழுதிவிடுவது. புண்ணின் தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் படலம் பெரும்பாலும் இறந்த திசு. சீழ், கெட்டியாக வடிவது. முன்னதைப் பின்னதாகப் பதிவுசெய்தால் வீண் கலக்கம். பின்னதை முன்னதாகப் பதிவுசெய்தால் கிருமித்தொற்று பரவ இடமாகும். ஆகவே பெயர் சூட்ட வேண்டாம், ஒட்டியிருக்கிறதா வடிகிறதா, வாடை உண்டா, நேற்றைவிடக் கூடுதலா என்று மட்டும் சொல்லுங்கள் என்று பழக்குகிறோம். அளவையும் 'பெரியது' 'சிறியது' என்று சொல்லாமல் சென்டிமீட்டரில் சொல்லச் சொல்கிறோம்.

இனி நோயாளியின் சொல்லுக்கு வருவோம். நம் முதியோர் வலியை வலி என்று சொல்வது குறைவு. எரிகிறது, கடுக்கிறது, குத்துகிறது, குடைகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்பார்கள். கட்டுக்குள் புதிதாகத் தெறிக்கத் தொடங்கினால் தொற்றாக இருக்கலாம். இத்தனையும் மொழிபெயர்ப்பில் 'வலி' என்ற ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன. அவற்றுள் நான் மிகவும் அஞ்சும் சொல் 'மதமதப்பு'. நீரிழிவு உடையவர் ஒருவர் 'கால் மதமதன்னு இருக்கு, வலியெல்லாம் இல்லை' என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அருகில் நிற்கும் பேரன், 'வலி இல்லையாம்' என்று தாதியிடம் ஆங்கிலத்தில் கூறுவான். முதற்பாதி காணாமற்போயிற்று. நரம்பு உணர்விழந்த காலில் செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. விரலிடுக்கில் பிளந்த தோலும் தெரியாது. வலி இல்லை என்பது அங்கே நற்செய்தி அன்று. அந்தக் காலை அன்றே பார்க்க வேண்டும்.

அந்தப் பேரன் உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன், ஆசிரியர்களே. அவன் தமிழில் கட்டுரை எழுதுவான். வாய்மொழித் தேர்வில் பூங்காவையும் உணவங்காடியையும் விவரிப்பான். மதமதப்பு என்ற சொல்லை அவன் எங்கே கேட்பான்? படத்தைக் கண்டு விவரிக்கும் பயிற்சியில் ஆண்டுக்கு ஒரு முறையேனும், கட்டுப் போட்ட காலோடு மருந்தகத்தில் காத்திருக்கும் ஒரு தாத்தாவின் படத்தை வையுங்கள். சிராய்ப்பு, கீறல், கொப்புளம், பொருக்கு, கன்றல், தழும்பு ஆகிய சொற்களைச் சொற்களஞ்சியப் பட்டியலில் சேருங்கள். இவை கொச்சை அல்ல, அகராதியில் உள்ளவை.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்றிரவு வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் இசைந்தால், குதிகாலையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கண்டதை நான்கு வாக்கியங்களில் தமிழில் எழுதுங்கள்: எந்த இடம், எவ்வளவு பெரிது, எந்த நிறம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று. அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கவலை தரும் எதையேனும் கண்டால் அந்தத் தாளைப் பெரியவர்களிடம் கொடுத்து, மருந்தகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.