எந்த அப்பா? – குடும்ப வழி தேடும் குழுவைப் பற்றி

 

பாசிர் கூடாங்கில் கடை வைத்திருப்பவனுக்கு வம்ச வழியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவன், சரித்திரம் படித்தவனல்ல. ஆனால் உறவுமுறை தேடும் இணையக் குழு ஒன்றைப் பதினைந்து ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தைச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

தொடங்கியது பிரெண்ட்ஸ்டரில். அன்று நம் நாட்டு இளைஞர்கள் பலரும் அங்கேதான் இருந்தார்கள். பழைய படங்களும் பதிவுகளும் 2011 மே 31க்குப் பிறகு இருக்காது என்று அறிவிப்பு வந்தது. பேஸ்புக்குக்குப் போனோம், பிறகு வாட்ஸ்அப். யாஹூ குழுமங்களில் குடும்ப மடல்களைச் சேர்த்து வைத்தவர்களுக்கும் 2019 டிசம்பரில் அதே கதிதான்.

இடம் மாறுவதெல்லாம் நட்டம் என்று நான் சொல்லமாட்டேன். பேஸ்புக்கில் எங்கள் வயதுக்காரர்கள்தான் பேசினோம். எழுத்தென்றால் அரபுத் தமிழ் மட்டுமே பழகிய நன்னிமார்கள் அதில் எப்படித் தட்டச்சு செய்வார்கள்? வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்ததும் அவர்களுக்கு வாய் திறந்தது. ஒரே நன்னி ஒரே இரவில் நாலு தலைமுறையைச் சொல்லி முடித்தார், இடையிடையே பேரனுக்கு ஏச்சும் சேர்த்து.

அங்கும் சங்கடம் வந்தது. அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்கலாம். புதியவரைச் சேர்க்க யாரையாவது எடுக்கவேண்டும். “பேசாதவர்களை எடுத்துவிடுங்கள்” என்றார்கள் இளையவர்கள். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். விஷயம் தெரிந்தவர்களும் அவர்கள்தாம். நான் சம்மதிக்கவில்லை, இரண்டாவது குழு தொடங்கினேன். 2022இல் எண்ணிக்கை 512 ஆகி, அதே ஆண்டில் 1024 ஆனது. இரண்டையும் மறுபடி ஒன்றாக்கினோம்.

தளத்தைவிடப் பெரிய சிக்கல் நம் சொற்களில் இருக்கிறது. “எங்கள் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்” என்று ஒருவர் எழுதுகிறார். எந்த அப்பா? நம்மில் பலருக்குத் தகப்பனார் அத்தா, அல்லது வாப்பா, பாட்டனார்தான் அப்பா. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கோ அப்பா என்றால் தகப்பனார். அந்தப் பிள்ளை கிளைப்படம் வரைந்தால் ஒரு தலைமுறை காணாமல் போகும். பாட்டனார் பெயரையே பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு! அதனால் எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு: உறவைச் சொல்லும்போது “யாருடைய மகன்” என்றும் சொல்லவேண்டும்.

ஆண்டு தெரியாத பெரியவரிடம் ஆண்டைக் கேட்டுப் பயனில்லை. கப்பலைக் கேளுங்கள். ரஜூலா என்றால் 1973க்குள். சிதம்பரம் என்றால் 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் தீப்பிடிப்பதற்கு முன்.

இது பொழுதுபோக்கு இல்லையா என்பார்கள். ஒரு மவுத்துக்குப் பிறகு ஷரீஅத் நீதிமன்றத்தில் ஃபராயிழ் சான்றிதழுக்குப் போய்ப் பாருங்கள். வாரிசுகள் யார் யார் என்று கேட்பார்கள். ஊரில் இன்னொரு குடும்பம் இருந்தால், அவர்களுக்கும் அல்லாஹ் விதித்த பங்கு உண்டு. அவர்கள் பெயர் தெரிந்தவர் ஒரே ஒரு மூதாட்டி, அவர் சொன்னது பழுதான கைப்பேசிக்குள் என்றால் என்ன செய்வது?

ஆகவே குழுவைப் பேசும் இடமாக மட்டும் வைத்திருக்கிறோம். பதிவு வெளியே இருக்கிறது. மாதம் ஒருமுறை உரையாடலை ஏற்றுமதி செய்து, குரல் பதிவுகளைத் தனியே கணினியில் சேர்க்கிறோம். கேட்டு எழுதியதைக் கடையிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்து, சொன்னவர் வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறேன். கைப்பேசியில் “சரி” என்றவர்கள் காகிதத்தில் பேனாவால் அடித்துத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தங்களுக்கு ஈடு எதுவுமில்லை.

மண்டபத்தின் பின்புற மேசையில் வெற்றுத் தாள்கள் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் தகப்பனார், பாட்டனார், பாட்டியார் பெயர்களையும் ஊரையும் எழுதித் தாருங்கள். பாட்டியார் பெயரை விட்டுவிடாதீர்கள். பலர் “இன்னாரின் மனைவி” என்றே எழுதுகிறார்கள். தெரியாவிட்டால் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டுவிட்டு, அடுத்த வெள்ளிக்குள் என் கடையில் கொடுத்தாலும் போதும்.