விருந்தினரிடம் என்ன கேட்கப் போகிறோம்?

(சமுதாய வானொலி ஒன்றின் தன்னார்வலர்களுக்கான பயிற்சிப் பட்டறையில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் தொடங்கவிருக்கும் உங்கள் நேர்காணல் தொடருக்கான பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். 12 வாரம், 12 விருந்தினர்கள். ஓவியர் இருக்கிறார், பறையிசைக் கலைஞர் இருக்கிறார், செங்கல் சூளையில் வளர்ந்து வழக்கறிஞரான ஒரு பெண் இருக்கிறார். இவர்களையெல்லாம் வானொலிக்கு அழைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் தொடருக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் என்னை உறுத்துகிறது. 'தடைகளைத் தாண்டிச் சாதித்தவர்கள்' என்று வைத்திருக்கிறீர்கள். ஏன் உறுத்துகிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நானும் ஒருமுறை அப்படி விருந்தினராகப் போனவன்.

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த புதிதில் ஒரு வானொலி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. என் ஆய்வு எங்கள் வட்டாரத்துப் பஞ்சாயத்து வானொலி பற்றியது. பஞ்சாயத்து அலுவலகத்தில் பெட்டி இருந்தது, அதன் ஒலிபெருக்கிக் குழாய் எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது, சேரியிலிருந்து வந்தவர்கள் எங்கே நின்று கேட்டார்கள் என்பதையெல்லாம் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பேசலாம் என்று இரண்டு நாள் தயார் செய்துகொண்டு போனேன்.

அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "உங்க வீட்ல முதல் பட்டதாரி நீங்கதானே? சின்ன வயசுல சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டிருப்பீங்க இல்லையா?"

கேட்டவர் கெட்டவர் அல்ல. குரலில் உண்மையான அக்கறை இருந்தது. நானும் சொன்னேன். ஒருநாள் இரவு சாப்பிடாமல் படுத்ததைச் சொன்னேன். அடுத்த கேள்வியும் அதையொட்டியே வந்தது, அதற்கடுத்ததும். 40 நிமிடம் பதிவு செய்தார்கள், ஒலிபரப்பானது 12 நிமிடம். அதில் என் ஆய்வு பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. 'சாதி' என்று நான் சொன்ன இடங்கள் எதுவும் இல்லை. அறிவிப்பாளரின் முன்னுரையில் 'ஏழ்மை' என்ற சொல் மட்டும் இரண்டு முறை வந்தது.

அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அன்று இரவு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் உனக்குச் சோறு போடலைன்னு ஏன்டா ஊருக்கே சொன்ன?"

என்னிடம் பதில் இல்லை. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் அம்மாவின் முப்பது வருட உழைப்பு அந்த 12 நிமிடத்தில் ஒரு வெறும் பானையாகச் சுருங்கிப்போனது. அன்றிலிருந்து நேர்காணல்களைக் கேட்கும்போதெல்லாம் பதிலைவிடக் கேள்வியைத்தான் கவனிக்கிறேன்.

'தடைகளை எப்படித் தாண்டினீர்கள்?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். தடை என்றால் ஏதோ ஆறு, மலை போலத் தானாகவே அங்கே கிடந்தது என்று ஆகிவிடுகிறது. அந்தச் சுவரை யார் கட்டினார்கள், இன்றைக்கு யார் அதற்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. ஏறிக் குதித்த ஒருவரைப் பாராட்டிவிட்டு, ஏற முடியாமல் நிற்கும் நூறு பேரைப் பார்த்து 'நீயும் முயற்சி செய்' என்கிறோம். கேட்பவருக்கு ஊக்கம் கிடைக்கிறது, மறுக்கவில்லை. கூடவே, சாதிக்கு அன்றைக்கு விடுமுறையும் கிடைக்கிறது.

ஒடுக்கப்பட்டவர் வானொலியில் எப்படிப் பேசலாம் என்பதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரி இருக்கிறது. 1954 அக்டோபர் 3ஆம் தேதி அகில இந்திய வானொலியில் அண்ணல் அம்பேத்கர் உரையாற்றினார். அந்த வாய்ப்பில் அவர் தன் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானை கதையைச் சொல்லியிருக்கலாம். கேட்பவர்கள் கண்கலங்கியிருப்பார்கள். அவர் பேசியது தன்னுடைய தத்துவத்தைப் பற்றி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றேன் என்று விளக்கினார்.

அடுத்த ஆண்டு பிபிசிக்கு அவர் அளித்த நேர்காணலின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கேட்காதவர்கள் கேளுங்கள். காந்தியைப் பற்றிக் கேட்கிறார்கள். பூனா ஒப்பந்தத்தைப் பற்றி, காந்தியை எதிராளியாகச் சந்தித்தவன் என்ற முறையில் தனக்குத் தெரிந்தவற்றைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார். காந்தி ஆங்கில இதழ்களில் காட்டிய முகமும் குஜராத்தி இதழில் காட்டிய முகமும் வேறு வேறு, இரண்டையும் ஒப்பிட்டுப் படியுங்கள் என்கிறார். இப்படிப்பட்ட பதில் வரவேண்டும் என்றால், எதிரில் இருப்பவரிடம் ஒரு கருத்து இருக்கிறது என்று நம்பிக் கேட்க வேண்டும். அவரிடம் காயம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக் கேட்டால் காயம் மட்டும்தான் வரும்.

'அவர் அம்பேத்கர், எங்கள் விருந்தினர்கள் சாதாரண மனிதர்கள்' என்று நீங்கள் சொல்லலாம். சாதாரண மனிதர்கள் பேசுவதற்காகத்தான் சமுதாய வானொலியே வந்தது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதன்பிறகும் 2002இல் கல்வி நிறுவனங்களுக்குத்தான் முதலில் கதவு திறந்தது. 2004இல் சென்னையில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் மக்கள் அமைப்புகளும் வானொலி நடத்தலாம் என்று ஆனது 2006இல்தான். படித்தவர்களிடம் ஒலிவாங்கி முதலில் போனது, மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். இந்த வரிசை நமக்குப் புதிதில்லையே.

அந்த வரிசையில் நின்றவர்களில் இப்போதைய தெலங்கானாவின் சகீராபாத் பக்கத்துத் தலித் பெண்களும் உண்டு. 1990களின் இறுதியிலேயே அவர்களிடம் ஒலிப்பதிவுக் கூடம் தயாராக இருந்தது, உரிமம்தான் இல்லை. ஒலிபரப்ப முடியாததால் பதிவு செய்த ஒலிநாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபரில் மச்சனூர் கிராமத்தில் 'சங்கம் ரேடியோ' காற்றில் ஏறியது. அதை நடத்தியவர்கள் ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இரண்டு தலித் பெண்கள். சிறுதானிய விதைகளைப் பாதுகாப்பது, மண், மாடு, கைவைத்தியம், பாட்டு என்று அவர்கள் வட்டாரத் தெலுங்கில் அங்கே நிகழ்ச்சிகள் நடந்தன. விதையைப் பற்றித் தெரிந்தவர் அங்கே விதை நிபுணராகவே பேசினார். 'படிக்காவிட்டாலும் சாதித்தவர்' என்ற அடைமொழி அவருக்குத் தேவைப்படவில்லை.

இனி உங்கள் 12 வாரங்களுக்கு வருவோம். நான் சொல்லப்போவது நான்கே விஷயங்கள்.

ஒன்று, தொழிலைக் கேளுங்கள். பறையிசைக் கலைஞர் வந்தால், 'சாவுக்கு அடிக்கும்போது எப்படி அவமானப்பட்டீர்கள்?' என்று தொடங்காதீர்கள். தோலை எப்படித் தேர்ந்தெடுக்கிறார், எவ்வளவு நேரம் காய்ச்சுகிறார், மழைக்காலத்தில் ஒலி எப்படி மாறுகிறது, ஒரு அடியிலிருந்து இன்னொரு அடிக்கு எப்படிப் போகிறார் என்று கேளுங்கள். அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வானொலியில் இதைவிட நல்ல நிமிடம் கிடைக்குமா? அவமானத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவரே பேசுவார். அப்போது குறுக்கே போகாதீர்கள்.

இரண்டு, 'சாதி' என்ற சொல்லை வெட்டாதீர்கள். சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைச் சாக்காக வைத்துச் சாதியையும் 'அரசியல்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒருவர் தன் தெருவையும் தன் கூலியையும் தன் பள்ளிக்கூடத்தையும் பற்றிப் பேசுவது வாழ்க்கை வரலாறு. அதே கொள்கைதான், நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்றும் சொல்கிறது. உள்ளூர் மக்கள் வந்தால் உள்ளூர்ச் சாதியும் பேச்சில் வரத்தான் செய்யும்.

மூன்று, பேச்சைத் திருத்தாதீர்கள். 'வானொலித் தமிழ்' என்று ஒன்று நம் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது யாருடைய வீட்டுத் தமிழ் என்று யோசித்துப் பாருங்கள். விருந்தினர் அவருடைய தமிழில் பேசட்டும், நாம் காதைத் தீட்டிக்கொள்வோம்.

நான்கு, பதிவை அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு ஒலிபரப்புங்கள். இது வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள். என் அம்மாவுக்கு நேர்ந்தது இன்னொரு அம்மாவுக்கு நேரக்கூடாது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டட்ஸ் டெர்கல் என்று ஒருவர் 1952 முதல் 1997 வரை, 45 ஆண்டுகள், ஒரே வானொலியில் நேர்காணல் செய்தார். மார்ட்டின் லூதர் கிங்கையும் பேட்டி எடுத்தார், உணவகத்தில் பரிமாறும் பெண்ணையும் தேடிப்போய்ப் பேசவைத்தார். அவர் அடிக்கடி சொன்ன சம்பவம் ஒன்று. அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த ஓர் ஏழைத் தாயின் பேச்சைப் பதிவு செய்தார். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் குதித்ததால் அதைப் போட்டுக் காட்டினார். கேட்ட அந்தத் தாய், தனக்குள் இப்படியெல்லாம் ஓர் எண்ணம் இருப்பது தனக்கே இதுவரை தெரியாது என்று வியந்துபோனாராம்.

அதைப் படித்த பிறகு, போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நானும் கைப்பேசியை அம்மா முன்னால் வைத்தேன். பசியைப் பற்றிக் கேட்கவில்லை. நடவைப் பற்றிக் கேட்டேன். அம்மா நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். ஒரு மா நிலத்துக்கு எத்தனை கட்டு நாற்று, எத்தனை ஆள், எந்த மண்ணில் எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு நான் கேட்காமலே ஒன்று சொன்னார். ஒரு வருடம் நாற்றெல்லாம் பறித்து வைத்த பிறகு பண்ணையார் கூலியைச் சொல்லாமல் இழுத்தடித்திருக்கிறார். "கூலியச் சொல்லு, அப்பறம் வயல்ல இறங்குறோம்" என்று 14 பெண்களும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். உச்சிவெயில் வரைக்கும். நாற்று வாட வாட அவர் கூலியைச் சொல்லியிருக்கிறார். உட்காரலாம் என்று முதலில் சொன்னது அம்மா.

என் 32 வயதில் அன்றைக்குத்தான் இதை முதன்முதலாகக் கேட்கிறேன். பஞ்சாயத்து வானொலி பற்றி ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டவன், வீட்டில் கேட்டதில்லை. எனக்கும் அம்மா என்றால் பசிதான் ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

ஒரு மணி நேரம் 10 நிமிடம் ஓடியது அந்தப் பதிவு. போட்டுக் காட்டினேன். முழுவதும் உட்கார்ந்து கேட்டார். கடைசியில், "இதையெல்லாம் ரேடியோவுல போடுவாங்களா?" என்றார்.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். 13ஆவது வாரத்துக்கு உங்களிடம் விருந்தினர் இல்லையென்றால் சொல்லுங்கள், அழைத்து வருகிறேன். ஆனால் அந்தத் தலைப்பை மாற்றிவிட்டுச் சொல்லுங்கள்.